ஃபாரடேயை வளர்த்தது வறுமையா, கைகொடுத்தவர்களா?

துன்பப்பட்டால்தான் மனிதன் உருப்படுவான் என்று சிலர் சொல்கிறார்கள். தக்க நேரத்தில் யாராவது கைகொடுக்காவிட்டால் எந்தத் திறமையும் வெளியே தெரியாமலே போய்விடும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இவற்றில் எது உண்மை, சொந்த முயற்சிக்கு இதில் என்ன பங்கு என்பதுதான் கேள்வி. இரண்டுமே வேண்டும் என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அதைக் கேட்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, யார் எப்போது எதைக் கொடுத்தார்கள், பெற்றவர் அதை வைத்து என்ன செய்தார் என்று பார்ப்பதே தெளிவு தரும். மின்மோட்டாருக்கும் மின்னாக்கிக்கும் அடிப்படையான கண்டுபிடிப்புகளைச் செய்த மைக்கேல் ஃபாரடேயை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவருடைய கடிதங்களும் குறிப்பேடுகளும் பெருமளவு பாதுகாக்கப்பட்டிருப்பதால், அவர் பெற்ற உதவிகளை ஏறத்தாழ ஆண்டுவாரியாகவே அடையாளம் காண முடிகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வறுமை ஃபாரடேயிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான் அதிகம். அவரை வளர்த்தவை சில மனிதர்கள் தங்களுக்குப் பெரிய செலவு வைக்காமல் செய்த சிறு உதவிகளும், அவை ஒவ்வொன்றையும் வீணாக்காமல் அடுத்த படிக்கு எடுத்துச்சென்ற அவருடைய பழக்கமுமே.

ஃபாரடே 1791 செப்டம்பர் 22 அன்று லண்டனை ஒட்டியிருந்த நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். வட இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த அவருடைய தந்தை ஒரு கொல்லர். உடல்நலம் குன்றியிருந்ததால் அவரால் நாள்தோறும் வேலைக்குப் போக முடியவில்லை. தானிய விலை ஏறியிருந்த 1801-ஆம் ஆண்டில், பத்து வயதுகூட நிரம்பாத மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டி கொடுக்கப்பட்டது. அதை வைத்துத்தான் அந்த வாரத்தை அவர் ஓட்ட வேண்டும். எழுத்து, வாசிப்பு, எளிய கணக்கு ஆகியவற்றுக்கு மேல் பள்ளிப்படிப்பு இல்லை. இவற்றையெல்லாம் மனவுறுதியை வளர்த்த பயிற்சி என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் அதே தெருக்களில் அதே பசியோடு வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளின் பெயர்கூட நமக்குத் தெரியாது என்பதை அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை. பசி எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. வேறு ஏதோ ஒன்று இவருக்கு மட்டும் கிடைத்திருக்கிறது. அதில் ஒரு பகுதி குடும்பத்திலேயே இருந்தது. ஃபாரடே குடும்பத்தார் சாண்டிமேனியர் என்ற மிகச் சிறிய கிறித்தவச் சபையைச் சேர்ந்தவர்கள். ஒருவருக்கொருவர் துணை நிற்பதைக் கடமையாகக் கருதிய அந்தச் சபையின் வளையத்துக்குள் வளர்ந்ததால், ஏழையாக இருந்தும் அவர் ஆதரவற்றவராக இருக்கவில்லை.

1804-இல், பதின்மூன்று வயதில், பிளாண்ட்ஃபோர்டு தெருவில் ஜார்ஜ் ரீபோ என்பவர் நடத்திய புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அக்காலத்தில் செய்தித்தாளின் விலை அதிகமாக இருந்ததால் பலர் அதை வாடகைக்கு வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அவற்றை வீடுதோறும் கொண்டுபோய்க் கொடுத்து, பிறகு திரும்ப வாங்கி வருவது அவருடைய வேலை. அடுத்த ஆண்டு ரீபோ அவரைப் பைண்டிங் தொழில் பழக ஏழாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார். இப்படித் தொழில் பழகச் சேரும் பையனின் பெற்றோர் முதலாளிக்கு முன்பணம் கட்டுவது வழக்கம். இந்தப் பையனின் நேர்மையான உழைப்பைக் கருதி முன்பணம் எதுவும் வாங்கவில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. அந்தத் தொகையை ஃபாரடேயின் தந்தையால் கட்டியிருக்க முடியாது. அன்று ரீபோ அதைக் கேட்டிருந்தால், பிற்காலத்தில் நாம் அறிந்த ஃபாரடே இருந்திருப்பாரா என்பதே ஐயம்.

ரீபோவைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் மிகக் குறைவாகப் பேசப்படுபவர் அவர்தான். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் பையன் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தபோது அவர் அதட்டவில்லை. மின்சாரத்தைப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையும், ஜேன் மார்செட் என்ற பெண்மணி உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூலும் ஃபாரடேயின் கைக்கு வந்தது அந்தக் கடையில்தான். படித்ததைச் செய்து பார்க்க அவர் சிறு கருவிகளைச் செய்யத் தொடங்கியபோதும், மாலை வேளைகளில் சொற்பொழிவு கேட்கப் போக வேண்டும் என்றபோதும் ரீபோ இடம் கொடுத்தார். அவருக்கு அறிவியலில் பெரிய பயிற்சி இருந்ததாகத் தெரியவில்லை, பணக்காரரும் அல்லர். அவர் கொடுத்ததெல்லாம் தடுக்காமல் இருந்ததும், பையன் செய்ததைப் பெருமையோடு வாடிக்கையாளர்களிடம் காட்டியதும்தான். உதவி என்றதும் நாம் பணத்தையே நினைக்கிறோம். ஆனால் ஒரு முதலாளி தன்னிடம் வேலை செய்யும் பையனின் ஓய்வு நேரத்தைப் பறிக்காமல் விட்டது, எந்த நன்கொடையைவிடவும் இங்கே பெரிதாக வேலை செய்திருக்கிறது.

1810-இல் தந்தை இறந்தார். அதே ஆண்டில் டோர்செட் தெருவில் ஜான் டேட்டம் என்பவர் தம் வீட்டில் நடத்திவந்த அறிவியல் சொற்பொழிவுகளுக்கு ஃபாரடே போகத் தொடங்கினார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். தொழில் பழகும் பையனிடம் அந்தப் பணம் ஏது? தந்தையைப் போலவே கொல்லராகிவிட்ட அண்ணன் ராபர்ட் கொடுத்தார். தந்தையை இழந்த குடும்பத்தில், கொல்லுப்பட்டறையில் உழைத்துச் சம்பாதித்த ஷில்லிங்கை, வயிற்றுக்கும் துணிக்கும் உதவாத ஒரு சொற்பொழிவுக்காகத் தம்பிக்கு எடுத்துக் கொடுப்பதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று எண்ணிப்பாருங்கள். ரீபோவின் வீட்டில் குடியிருந்த மாஸ்கெரியே என்ற ஓவியரிடமிருந்து இன்னோர் உதவி வந்தது. ஃபாரடே அவருடைய அறையைப் பெருக்கி, காலணிகளுக்கு மெருகிட்டுக் கொடுத்தார்; அவரோ தொலைவும் அண்மையும் தெரியும்படி பொருள்களை வரையும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பயிற்சியால்தான் சொற்பொழிவில் கண்ட கருவிகளை ஃபாரடேயால் பிறர் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி தம் குறிப்புகளில் வரைந்து வைக்க முடிந்தது.

டேட்டத்தின் வீட்டில் கூடிய இளைஞர்கள் எழுத்தர்களும் கைவினைஞர்களும் சிறு வணிகர்களுமாக இருந்தார்கள். அவர்களில் பெஞ்சமின் அபட் என்ற நண்பருக்கு 1812 ஜூலையில் ஃபாரடே எழுதிய கடிதம் மகிழ்ச்சியில் துள்ளுகிறது. அரைப்பென்னி நாணயம் அளவுக்குத் துத்தநாகத் தகட்டை ஏழு வில்லைகளாக வெட்டி, ஏழு அரைப்பென்னிச் செப்பு நாணயங்களோடு அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த காகிதத்தை வைத்து, தாமே ஒரு மின்கல அடுக்கைச் செய்துவிட்டதை அதில் சொல்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டதற்கு இன்னொரு நோக்கமும் இருந்தது: எழுத்து நடையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது. எட்வர்டு மக்ராத் என்ற மற்றொரு நண்பர் ஃபாரடேயின் பேச்சிலும் எழுத்திலும் இருந்த இலக்கணப் பிழைகளைத் திருத்த நேரம் ஒதுக்கினார். தன்னைவிட மேலே இருப்பவர்களின் தயவை மட்டும் எதிர்பார்க்காமல், தன்னைப் போன்ற நிலையில் இருப்பவர்களோடு சேர்ந்து வளர்வது என்ற இந்த வழியைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் ஏனோ சொல்வதே இல்லை.

இனி எல்லோருக்கும் தெரிந்த பகுதி. டேட்டத்தின் சொற்பொழிவுக் குறிப்புகளை ஃபாரடே படங்களோடு எழுதித் தம் கையாலேயே பைண்டு செய்து வைத்திருந்தார். ரீபோவின் வாடிக்கையாளரும் இசைக்கலைஞருமான வில்லியம் டான்ஸ் அதைப் பார்த்து வியந்து, லண்டனில் இருந்த ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் ஹம்ஃப்ரி டேவி என்ற புகழ்பெற்ற வேதியியலாளர் நிகழ்த்திய சொற்பொழிவுகளுக்கு அனுமதிச் சீட்டுகள் வாங்கிக் கொடுத்தார். 1812-இன் தொடக்க மாதங்களில் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்ட ஃபாரடே, அவற்றையும் விரிவாக எழுதி பைண்டு செய்தார். அறிவியலில் எந்தச் சிறு வேலையாவது கிடைக்காதா என்று ராயல் சொசைட்டி என்ற அறிவியலாளர் கழகத்தின் தலைவர் சர் ஜோசஃப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. ஒப்பந்தக் காலம் அந்த அக்டோபரில் முடிந்து, வேறொரு பைண்டிங் கடையில் கூலிக்குச் சேர்ந்தார். அங்கே மனம் ஒட்டவில்லை. ஆண்டின் இறுதியில், டேவியின் சொற்பொழிவுக் குறிப்புகளைக் கட்டிய புத்தகத்தை டேவிக்கே அனுப்பி வைத்தார். டேவி பதில் எழுதினார், நேரில் அழைத்துப் பேசினார், பைண்டிங் தொழிலையே பிடித்துக்கொள்ளும்படி அறிவுரையும் சொன்னார்.

பேங்க்ஸுக்கு எழுதியதும் டேவிக்கு எழுதியதும் ஒரே கோரிக்கைதான். வேறுபாடு, இரண்டாவது கோரிக்கையோடு ஃபாரடேயின் உழைப்பும் கூடவே போனது. நூற்றுக்கணக்கான பக்கங்கள், கருவிகளின் படங்கள், சீரான கையெழுத்து, தோல் அட்டை. உதவி கேட்பவர் எப்படிப்பட்டவர் என்பதை அந்தப் புத்தகமே சொல்லிவிட்டது; பரிந்துரைக் கடிதம் எழுதித்தர யாரும் இல்லாத ஏழைக்கு அவருடைய வேலைதான் பரிந்துரை. சொந்த முயற்சி இந்தக் கதைக்குள் வரும் இடம் இதுவே என்று கருதுகிறேன். அவருடைய உழைப்பு அவரை நேராக ஆய்வகத்துக்குள் கொண்டுபோய் விடவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் உதவத் துணிவதற்குக் காரணம் ஒன்றை அது உண்டாக்கிக் கொடுத்தது.

அதற்குப் பிறகும் தற்செயல் ஒன்று தேவைப்பட்டது. 1813 பிப்ரவரியில் டேவியின் ஆய்வகப் பணியாள் கருவி செய்பவரோடு சண்டையிட்டு வேலையை இழந்தார். ஒரு நாள் இரவு ஃபாரடேயின் வீட்டு வாசலில் குதிரை வண்டி வந்து நின்று, டேவியின் கடிதம் கொடுக்கப்பட்டது. மார்ச் 1 அன்று வாரம் 25 ஷில்லிங் சம்பளத்தில், ராயல் இன்ஸ்டிடியூஷனின் மாடியில் இரண்டு அறைகளோடு அவர் பணியில் அமர்ந்தார். அந்த இரு பணியாளர்கள் அன்று கைகலக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு, உழைப்பால் எதையும் அடையலாம் என்பவர்களிடம் பதில் கிடையாது.

டேவியின் உதவி தூய நன்மையாகவே கடைசிவரை இருந்துவிடவில்லை. 1813 அக்டோபரில் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டபோது டேவியின் அந்தரங்கப் பணியாள் கடைசி நேரத்தில் வர மறுத்ததால், ஆய்வு உதவியாளராகச் சென்ற ஃபாரடேயே அந்த வேலைகளையும் தற்காலிகமாகப் பார்க்க வேண்டியதாயிற்று. தற்காலிகம் என்பது பயணம் முழுவதும் நீடித்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். அந்த அவமானத்தை அபட்டுக்கு எழுதிய கடிதங்களில் அவர் கொட்டித் தீர்த்திருக்கிறார், ஊருக்கே திரும்பிவிடலாமா என்றுகூட எண்ணியிருக்கிறார். ஆயினும் அதே பயணத்தில்தான் பாரிஸில் ஆம்பேர், இத்தாலியில் வோல்ட்டா என்ற பெயர்பெற்ற அறிவியலாளர்களைக் கண்டார். அயோடினைப் பற்றிய ஆய்விலும், ஃபிளாரன்ஸ் நகரில் வைரத்தை எரித்துப் பார்த்த சோதனையிலும் டேவியின் பக்கத்தில் நின்றார். பல்கலைக்கழகத்தின் வாசலையே மிதிக்காத ஒருவருக்கு அந்த ஒன்றரை ஆண்டுதான் பல்கலைக்கழகம். அவமானமும் கல்வியும் ஒரே ஆள் வழியாக ஒரே நேரத்தில் வந்தன. அவமானம் இருந்ததால்தான் கல்வி பயன்பட்டது என்று சொல்வது அபத்தம். அது இல்லாமலும் அவர் அத்தனையையும் கற்றிருப்பார்.

பத்தாண்டுகள் கழித்து நடந்தது இதைவிடக் கசப்பானது. 1821-இல் மின்னோட்டம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழல்வதை ஃபாரடே செய்து காட்டி வெளியிட்டபோது, உல்லஸ்டன் என்ற மூத்த அறிவியலாளரின் கருத்தை எடுத்துக்கொண்டுவிட்டார் என்ற பழி எழுந்தது. ராயல் சொசைட்டியின் உறுப்பினராக ஃபாரடேயின் பெயர் முன்மொழியப்பட்டபோது, அப்போது அதன் தலைவராக இருந்த டேவியே எதிர்த்தார். 1824 ஜனவரியில் ஒரே ஓர் எதிர் வாக்கோடு ஃபாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார். டேவியும் தொடக்கத்தில் இப்படிப்பட்டவர்தான் என்பதை இங்கே நினைக்க வேண்டும். கார்ன்வாலில் மரச்செதுக்குத் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்து, இளமையில் தந்தையை இழந்து, டேவிஸ் கில்பர்ட் என்பவர் தம் நூலகத்தைத் திறந்துவிட்டதாலும், பிறரிடம் பரிந்துரைத்ததாலும் மேலே வந்தவர் அவர். துன்பம் மனிதரைப் பெருந்தன்மையாளர் ஆக்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடச் சங்கடமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அதே டேவிதான் 1825-இல் ஃபாரடேயை ஆய்வகத்தின் இயக்குநராக்கப் பரிந்துரைத்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. கைகொடுத்தவர் ஒருநாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், பிறகு மீண்டும் கைகொடுக்கவும் செய்யலாம். ஃபாரடே முன்பிருந்த நெருக்கத்தைக் குறைத்துக்கொண்டாரே தவிர, பெற்றதை ஒருநாளும் மறுக்கவில்லை. அவர் மனத்தளவில் அடைந்த வளர்ச்சிக்கு அடையாளமாக நான் இதையே காட்டுவேன்.

உதவி என்பது வாழ்க்கையின் தொடக்கத்தில் ஒருமுறை கிடைத்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. 1831 ஆகஸ்டில் மின்காந்தத் தூண்டலை, அதாவது காந்தப்புலம் மாறும்போது கம்பியில் மின்னோட்டம் உண்டாவதைக் கண்டு, அடுத்த எட்டு ஆண்டுகள் இடைவிடாமல் உழைத்த ஃபாரடே 1839-இன் இறுதியில் நொறுங்கிப்போனார். தலைச்சுற்றலும் மறதியும் அவரை வாட்டின. ராயல் இன்ஸ்டிடியூஷன் அவரைப் பணிகளிலிருந்து விடுவித்து ஓய்வெடுக்க விட்டது. 1841-இல் மனைவி சாராவும் மைத்துனரும் அவரைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே இன்டர்லாக்கன் ஊரில் ஆணி அடிப்பவர்களைப் பார்த்த நாளில், கொல்லுப்பட்டறையும் அதைச் சார்ந்த எல்லாமும் தமக்குப் பிடிக்கும், தம் தந்தை ஒரு கொல்லர் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஐரோப்பா முழுதும் பெயர் பெற்றிருந்த, ஐம்பதை நெருங்கிய ஒருவர் அதை எழுதியதில் வெட்கமும் இல்லை, பிறப்பைச் சொல்லிப் பெருமை தேடும் எண்ணமும் இல்லை. முழுதாகத் தேறிவரச் சில ஆண்டுகள் ஆயின. 1845-இல் காந்தப்புலம் ஒளியின் மீது விளைவை ஏற்படுத்துவதைக் கண்டுபிடித்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவரை அவசரப்படுத்தாமல் விட்டவர்களுக்கும் அந்தக் கண்டுபிடிப்பில் பங்குண்டு.

தாம் பெற்றதை ஃபாரடே எப்படித் திருப்பிக் கொடுத்தார் என்றும் கேட்கலாம். டான்ஸ் கொடுத்த நான்கு சீட்டுகளால் உள்ளே வந்தவர், பிறர் உள்ளே வருவதற்குக் கதவைத் திறப்பதிலேயே பாதி வாழ்க்கையைச் செலவிட்டார் என்று சொன்னால் மிகையாகாது. ராயல் இன்ஸ்டிடியூஷனின் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளை உருவாக்கி நடத்தினார். சிறுவர் சிறுமியருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுத் தொடரை 1827 முதல் 1860 வரை 19 முறை தாமே நிகழ்த்தினார். பேசும்போது வேகம் கூடினால் எடுத்துக்காட்ட, ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டையை முன்னால் வைக்கும்படி உதவியாளரிடம் சொல்லி வைத்திருந்தார். மக்ராத்திடம் திருத்தம் கேட்ட இளைஞரின் பழக்கம் கடைசிவரை போகவில்லை.

கடைசியாக, வறுமை எடுத்துக்கொண்டது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது கணிதம். உரிய வயதில் கற்காத கணிதத்தை ஃபாரடேயால் பிறகு கற்றுக்கொள்ள முடியவே இல்லை. அந்தக் குறை தம்மிடம் இருப்பதை 1822-லேயே ஆம்பேருக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். சமன்பாடுகள் கைவசம் இல்லாததால் காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் அமையும் கோடுகளையே மனக்கண்ணால் பின்தொடர்ந்து, விசைக்கோடுகள் என்ற கருத்தை வளர்த்தார். குறையே வரமாயிற்று என்று இதைக் கொண்டாடுபவர்கள், கணிதம் தெரிந்த அக்கால அறிஞர்களில் பலர் அந்தக் கருத்தை நெடுங்காலம் பொருட்படுத்தாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் குறையை நிரப்ப இன்னொரு மனிதர் வர வேண்டியிருந்தது. அவர் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், ஃபாரடேயைவிட நாற்பது வயது இளையவர். விசைக்கோடுகளைக் கணித வடிவில் தந்த அவருடைய கட்டுரையைப் படித்துவிட்டு, இவ்வளவு கணித பலத்தை இந்தப் பொருளின் மீது செலுத்தியதைக் கண்டு முதலில் ஏறத்தாழ அஞ்சிவிட்டதாகவும், அது அவ்வளவையும் நன்றாகவே தாங்கி நின்றதைப் பார்த்து வியந்ததாகவும் 1857 மார்ச்சில் ஃபாரடே அவருக்கு எழுதினார். அதே ஆண்டின் இறுதியில் இன்னொரு கடிதத்தில், கணித அறிஞர்கள் தாங்கள் கண்ட முடிவுகளைத் தம்மைப் போன்றவர்களுக்கும் விளங்கும்படி எளிய மொழியிலும் எழுதித் தரக் கூடாதா என்று கேட்டார். கேட்டவருக்கு அப்போது வயது 66, கேட்கப்பட்டவருக்கு 26. மாக்ஸ்வெலோ, மின்சாரத்தைப் பற்றிய கணித நூல் எதையும் தொடுமுன் ஃபாரடேயின் ஆய்வுகளை முழுவதும் படித்துவிடுவது என்று தாம் முடிவு செய்துகொண்டதை 1873-இல் வெளியிட்ட தம் பெருநூலின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார்.